ஒரு காதில் மாமா குரல்

தம்பி,

போன்ல சொல்ல வேண்டியதைக் கடுதாசியா எழுதுறாளே இவன்னு சிரிக்காத. போன்ல சொன்னா நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு"ன்னு வெச்சிடுவே. கடுதாசியில நடுவுல புகுந்து பேச முடியாதுல்ல. உன் தங்கச்சி இதைப் போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பி வெப்பா. எட்டாங்கிளாசோட நின்னுபோன கையெழுத்து, கோணல்மாணலாத்தான் கெடக்கும், பொறுமையா படி. கோவத்துல எழுதுறேன்னும் நெனைக்காத. கோவம் போன வாரமே தீந்துபோச்சு. உங்க அப்பாகிட்டயும் அடுப்புல இருந்த பாத்திரங்ககிட்டயும் தீத்துக்கிட்டேன்.

தங்கச்சி மகளுக்குத் தை மாசம் காது குத்தணும், தாய்மாமன் நீ வந்து மடியில உக்கார வெச்சுக்கணும்னு சொன்னப்போ நீ என்ன சொன்னே? புது வேலை, லீவு கேக்கவே கூச்சமா இருக்கு, வீடியோவுல வந்துடுறேன்னே. அதோட விட்டியா? "நீதானம்மா ஊரெல்லாம் பெருமையா சொல்லுவே, எனக்கு மாமா நெட் போன்லயே காது குத்தினாருன்னு. அன்னிக்கு வெறும் குரலை வெச்சே ஆச்சு. இப்போ மூஞ்சியே தெரியுது. துபாயில இருந்தா என்ன, பக்கத்துல இருந்தா என்ன"ன்னே. என் பேச்சையே எடுத்து என் வாயை மூடிட்டே பாரு. உன் தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. உங்க அப்பா மட்டும், "பையன் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குடி"ன்னாரு. அவரை அப்புறம் கவனிச்சுக்கிட்டேன்.

ஆனா யோசிச்சுப் பாத்தா நீ சொன்னதுல தப்பில்லை. அந்தக் கதையை நான் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். உனக்குத் தெரிஞ்சது பாதி. எனக்குத் தெரிஞ்சதும் பாதிதான்னு இந்த ஞாயித்துக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சது. அதனால முதல்ல இருந்து சொல்றேன், கேளு.

உன் மாமாவும் நானும் ஒரே லயத்துல, ஒரே அறையில பொறந்தவங்க. லயம்னா தெரியும்ல, அங்க இலங்கையில தேயிலைத் தோட்டத்துல வரிசையா கட்டி விட்டிருந்த வீடுக. ரெண்டு சர்க்காரும் பேசி ஆளுகளைப் பங்கு போட்டப்போ எங்க அப்பா அம்மா இந்தியாவுக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அண்ணன் அதுக்குள்ள கல்யாணம் முடிச்சு, பொண்டாட்டி வீட்டோட சேந்து அங்கேயே இருக்கிறோம்னு எழுதிக் குடுத்துட்டாரு. யாரும் யாரையும் விடணும்னு நெனைச்சு செய்யலை. அந்த நேரத்துல எது சரின்னு பட்டுச்சோ அதைச் செஞ்சாங்க. ஹட்டன் ஸ்டேஷன்ல ரயில் ஏறினப்போ எனக்குத் தாவணி போடுற வயசு. அண்ணன் ரயிலோட கூடவே நடந்து வந்தாரு. "தங்கச்சி, போய் எழுதும்மா"ன்னாரு. அதுதான் நான் அவரை நேர்ல பாத்த கடைசி. அதுக்கப்புறம் கப்பல், மண்டபம் கேம்ப், பண்ணைக்காட்டுல காப்பித் தோட்டத்து வேலை, அப்புறம் கொடைக்கானல்ல காட்டேஜ்ல ரூம் சுத்தம் பண்ற வேலை, பூம்பாறையில இருந்து பூண்டு மூட்டை ஏத்திக்கிட்டு வர்ற ஜீப்பை ஓட்டுற உங்க அப்பான்னு என் வாழ்க்கை இந்த மலையோட ஒட்டிக்கிச்சு. அண்ணனுக்கோ ரொம்ப நாள் வரைக்கும் இந்த நாட்டுக்காரன்னும் காயிதம் இல்லை, அந்த நாட்டுக்காரன்னும் காயிதம் இல்லை. காயிதம் இல்லாதவனுக்கு எவன் பாஸ்போர்ட் குடுப்பான்.

எங்களுக்குள்ள கடுதாசி இருந்துச்சு. எழுதினா எப்போ போகும், எப்போ வரும்னு சொல்ல முடியாது. எங்க அப்பா செத்ததை நான் எழுதி, அது போய்ச் சேந்து, அண்ணன் மொட்டை போட்டப்போ இங்க கருமாதியே முடிஞ்சிருந்துச்சு. பஜார்ல காதர் பாயோட எஸ்.டி.டி. பூத் இருந்துச்சு, கண்ணாடிக் கூண்டு வெச்சது. ஐ.எஸ்.டி. போட்டா அண்ணன் பக்கத்துல டவுன்ல இருக்கிற கொமினிகேஷன் கடைக்குப் போகும். அங்கல்லாம் போன் கடையை அப்படித்தான் சொல்லுவாங்க. வருசத்துல தீவாளிக்கும் பொங்கலுக்கும் பேசுவோம். பேசுறது என்ன பேசுறது, கண்ணு பூரா மீட்டர்ல ஓடுற செவப்பு நம்பர் மேலதான் இருக்கும். "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அண்ணி எப்பிடி, சரி வெச்சிடவா"ன்னு ஒரே மூச்சுல கொட்டிட்டு வெளிய வந்தா, என்னத்தைக் கேட்டோம்னே நெனப்புல இருக்காது.

இந்த நெலமையிலதான் நீ பொறந்தே. பழனியில மொட்டை எடுத்தாச்சு. காது மட்டும் நான் குத்த விடலை. தாய்மாமன் மடி இல்லாம என் பிள்ளைக்குக் காது குத்துறதான்னு ஒரே புடியா நின்னேன். பூம்பாறையில உன் பெரியப்பா நான் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் ஆரம்பிச்சுடுவாரு. "ஏலே, உன் பொண்டாட்டி சிலோன்ல இருந்து கப்பல் வரும்னு காத்துக்கிட்டு இருக்காளா? பள்ளிக்கூடம் போற பய, காது மூளியா கெடக்கு"ன்னு உங்க அப்பாவைப் புடிச்சுக் காய்ச்சுவாரு. என் சித்தப்பா மகன் ஒருத்தன் பழனியில கடை வெச்சிருந்தான். அண்ணன் முறைதானே, அவன் மடியில வெச்சுக் குத்திடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நல்ல மனுசன்தான். ஆனா நான் மாட்டேன்னுட்டேன். எனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் உசுரோட இருக்கையில, அவன் இடத்துல இன்னொருத்தனை உக்கார வெச்சா, நானே அவனை இல்லைன்னு ஆக்கின மாதிரி ஆயிடும்ல. அதை வெளிய சொல்லத் தெரியலை. "எனக்குப் புடிக்கலை"ன்னு மட்டும் சொல்லுவேன். திமிரு புடிச்சவள்னு பேரு வாங்கினதுதான் மிச்சம்.

நீ ரெண்டாங்கிளாஸ் போன வருசம்தான் காதர் பாய் கண்ணாடிக் கூண்டுல ஒன்னை எடுத்துட்டு அங்க கம்ப்யூட்டரை வெச்சாரு. வாசல்ல "நெட் போன்"னு போர்டு. அதுக்கு முன்னாடி அதைச் சட்டவிரோதம்னு சொல்லுவாங்களாம், இப்போ சர்க்காரே சரின்னுட்டாங்கன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லி சந்தோசப்பட்டாரு. பெரிய ஸ்கூல்ல படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைக வரிசையா உக்காந்து தலையில ஒரு வளையத்தை மாட்டிக்கிட்டு, ஆளே இல்லாத இடத்தைப் பாத்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்குங்க. நான் காட்டேஜ் வேலை முடிஞ்சு அந்தப் பக்கம் போறப்போ வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பேன். பாய்தான் ஒருநாள் கூப்பிட்டாரு. "அக்கா, உங்க அண்ணனுக்கு இதுல போடலாம்க்கா. அந்த மீட்டர் மாதிரி ஓடாது. ஆற அமர பேசலாம்"னாரு. ஆற அமரங்கிற அந்த ஒரு வார்த்தைக்காகவே அன்னிக்கே உள்ள போய் உக்காந்துட்டேன்.

முதல் தடவை பேசினது பெரிய கூத்து. நான் "அண்ணே"ன்னா, அது அங்க போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகுது. பதில் இல்லையேன்னு நான் மறுபடி "அண்ணே, கேக்குதா"ன்னு ஆரம்பிக்க, அவரு சொன்ன "சொல்லும்மா" வந்து என் பேச்சு மேல விழுது. நான் டக்குன்னு நிறுத்திடுவேன். எங்க வளர்ப்பு அப்படி, பெரியவங்க பேசுறப்போ குறுக்க பேசக்கூடாது. அந்தப் பக்கம் அவரும், தங்கச்சி என்னமோ சொல்ல வந்தாளேன்னு நிறுத்திடுவாரு. ரெண்டு பேரும் சும்மா இருப்போம். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிப்போம். "நீங்க சொல்லுங்கண்ணே", "இல்ல, நீ சொல்லும்மா", இதுலயே முக்காவாசி நேரம் போயிடுச்சு. பாய் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "அக்கா, மரியாதை எல்லாம் நேர்ல வெச்சுக்கங்க. இதுல நீங்க பேசி முடிச்சுட்டு 'ஆச்சு'ன்னு சொல்லுங்க. அவரை அப்புறம் பேசச் சொல்லுங்க"ன்னாரு. அன்னியில இருந்து எங்க பேச்சு பூரா ஆச்சு, ஆச்சுதான். இன்னிக்கும் மாமா வீடியோவுல பேசி முடிக்கிறப்போ ஆச்சுங்கிறாரே, ஏன்னு நீ கேட்டியே ஒருநாள். இதான் அது.

அப்படி ஆற அமரப் பேசினப்போதான் அண்ணன் கேட்டாரு. "மருமவனுக்குக் காது குத்தியாச்சா தங்கச்சி?" நான் இல்லைன்னேன். ஏன்னாரு. நீங்க வரணும்னு வெச்சிருக்கேன்னேன். அப்புறம் ஆச்சுன்னேன். அவரு பதில் வரலை. லைன் போயிடுச்சுன்னு பாய் வந்து ஒயரை ஆட்டிப் பாத்தாரு. லைன் போகலை, அழுதுக்கிட்டு இருந்திருக்காரு. அதுக்கப்புறம் அவரே சொன்னாரு, "நான் வர்ற மாதிரி தெரியலம்மா. பிள்ளை வளந்துட்டே போறான். இதுலயே என்னைக் கூப்புடு. நான் குத்துங்கன்னு சொல்றேன். என் வாய்ச்சொல்லு அங்க இருக்கும்ல"ன்னு.

தை மாசம் ஒருநாள் வெள்ளனே பாய் கடையைத் தொறந்து நமக்காகவே பெருக்கித் தண்ணி தெளிச்சு வெச்சிருந்தாரு. தாம்பாளத்துல வெத்தல பாக்கு, வாழைப்பழம், தேங்காய். பஜார்ல இருந்து ஆசாரி தங்கக் கம்பியோட வந்து உக்காந்தாச்சு. உனக்குப் புதுச் சட்டை. சேதி கேட்டு உன் பெரியப்பாவும் பூம்பாறையில இருந்து முதல் பஸ்ஸுல வந்து, கடையைச் சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு, "கோயில் கொளம் எல்லாம் மூடிட்டாய்ங்களோ"ன்னாரு. யாரு மடியிலயும் உன்னை உக்கார வெக்கலை. கம்ப்யூட்டர் முன்னாடி இருந்த சக்கரம் வெச்ச நாற்காலியில, அண்ணன் ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட குடுத்துவிட்ட அவரோட சாரத்தை, அதான் லுங்கியை, விரிச்சு, அதுமேல உக்கார வெச்சேன். நாற்காலி நகந்துக்கிட்டே இருந்துச்சு, உங்க அப்பா கீழ உக்காந்து சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டாரு. எல்லாம் தயார். தலையில ஹெட்போனை மாட்டினோம். ஆசாரி கம்பியை எடுத்துக்கிட்டுக் கிட்ட வந்து நின்னுட்டாரு. "காதை எங்கம்மா காணோம்?"னாரு.

அப்போதான் எல்லாருக்கும் உறைச்சுது. மாமா பேசணும்னா ரெண்டு காதையும் மூடணும். காது குத்தணும்னா தொறக்கணும். இத்தனை நாள் அதையே நெனைச்சுக்கிட்டு இருந்த எனக்கு இது ஒருநாளும் தோணலை பாரு. பெரியப்பா சிரிப்பை அடக்க முடியாம வெளிய போயிட்டாரு. கழட்டிட்டுக் குத்திடுவோம், அப்புறம் மாட்டிப் பேசட்டும்னாரு ஆசாரி. நான் முடியாதுன்னேன். குத்துற நேரத்துல அவரு குரல் இருக்கணும், இல்லைன்னா இதுக்கு என்ன அர்த்தம். அழுகையே வந்துடுச்சு எனக்கு. பாய்தான் வந்து ஹெட்போனைப் புடிச்சு ஒரு பக்கம் தள்ளினாரு. வலது காதைத் தொறந்து விட்டு, இடது காதுல மட்டும் வெச்சாரு. "ஒரு காதுல மாமா, ஒரு காதுல ஆசாரி. அப்புறம் மாத்திக்கலாம்க்கா"ன்னாரு. அவ்வளவுதான் விசயம். அந்த மனுசன் அன்னிக்குச் செஞ்சதுக்கு இன்னிக்கும் நோன்புக் கஞ்சி வாங்கப் போறப்போ மனசுக்குள்ள கும்புடு போட்டுக்கிறேன்.

அந்தப் பக்கம் இருந்து "குத்துங்க"ன்னு வந்துச்சு. நீ உன் காதுல கேட்டதைச் சத்தமா சொன்னே, "மாமா குத்தச் சொல்றாரு". ஆசாரி குத்தினாரு. நீ வீல்னு கத்தினே. பாய் தயாரா வெச்சிருந்த சாக்லேட்டை வாயில திணிச்சதும் அழுகை நின்னுபோச்சு. நீ சாக்லேட்டைச் சப்பிக்கிட்டுச் சிரிக்கிறே. அப்போதான் நீ கத்துனது அங்க போய்ச் சேந்திருக்கு. "அழாத ராசா, மாமா இருக்கேன், அழாத"ன்னு அவரு அங்க அழ ஆரம்பிச்சது ஹெட்போனைத் தாண்டி எங்களுக்கும் கேட்டுச்சு. நீ வாயில சாக்லேட்டோட, "நான் அழலையே மாமா, நீங்கதான் அழுறீங்க"ன்னே. கடையில இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துக் கம்ப்யூட்டர்ல வெளிநாட்டுப் பொண்ணு ஒன்னு கண்ணைப் பொத்திக்கிட்டே இருந்துச்சு, அதுவும் சிரிச்சுது. அப்புறம் ஹெட்போனை மாத்தி இடது காதையும் குத்தியாச்சு. அன்னிக்கு என் நெஞ்சுல இருந்த பாரம் எறங்கினது எனக்குத்தான் தெரியும். உன் தங்கச்சி அப்போ என் வயித்துல. பின்னாடி அவளுக்கும் அதே கடையில, அதே மாதிரிதான்.

இது வரைக்கும்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச கதை. அந்த மிஷினைக் கண்டுபுடிச்சவங்க யாரோ, எந்த ஊரோ, அவங்க பிள்ளைகுட்டிக நல்லா இருக்கணும்னு இப்பவும் சொல்லுவேன். கடல் தாண்டிப் போக எனக்கு வழி இல்லாதப்போ ஒரு ஒயர் வழியா என் அண்ணனை அனுப்பி வெச்சாங்கல்ல. உன் மேலயும் எனக்கு அதே நன்றி உண்டு தம்பி. நீ அனுப்பின போன்லதான் நான் முதல் தடவையா அண்ணன் நரைச்ச தலையைப் பாத்தேன். நீ வெச்ச சாம்பாரைப் பாத்து உப்பு பத்தாதுன்னு இங்க இருந்தே சொல்றேன். அதெல்லாம் கொஞ்ச விசயம் இல்லை.

ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்குப் போன் போட்டேன். அவரு குளிக்கப் போயிருந்தாரு, அண்ணி எடுத்தாங்க. நீ சொன்னதைச் சொல்லி, "உங்க வீட்டுக்காரர் காட்டுன வழிதான் அண்ணி, போன்லயே செஞ்சுடலாம்கிறான்"னு சும்மா சிரிப்பாத்தான் சொன்னேன். அண்ணி சிரிக்கலை. "உனக்கு அன்னிக்கு இந்தப் பக்கம் நடந்தது தெரியாதா?"ன்னாங்க. அன்னிக்கு மாமா குளிச்சுட்டுப் புது வேட்டி கட்டிக்கிட்டு அந்தக் கொமினிகேஷன் கடைக்குப் போயிருக்காரு. நாற்காலியில உக்காரச் சொன்னாங்களாம். மாட்டேன்னுட்டு, சிமிண்டுத் தரையில துண்டை விரிச்சு, சபையில உக்கார்ற மாதிரி சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. போன் மேசை மேல, ஒயர் தரை வரைக்கும் எட்டலை. "ரிசீவரை நான்தான் குனிஞ்சு அவரு காதுல வெச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னேன். முதுகு போச்சு. நீங்களே புடிச்சுக்கங்களேன்னேன். புடிக்க முடியாதாம். அவருக்கு ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு"ன்னாங்க. என்ன வேலைன்னேன். "உன் மகனைப் புடிச்சிருந்தாரும்மா. ஒரு கையால இடுப்பை, ஒரு கையால தலையை. கத்துனப்போ தலையை நெஞ்சோட அணைச்சாரு. மடியில ஒன்னும் இல்லை"ன்னாங்க. இத்தனை வருசம் இதை அவரு என்கிட்ட சொல்லவே இல்லை. நான் இங்க மடி வந்துடுச்சுன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன். அங்க அது காலியாவே இருந்திருக்கு.

அதுக்குள்ள மாமா தலை துவட்டிக்கிட்டு வந்துட்டாரு. அண்ணி சொன்னதைக் கேட்டு வெக்கப்பட்டு, "அதெல்லாம் எதுக்கு இப்ப"ன்னாரு. அப்புறம்தான் விசயத்தைச் சொன்னாரு. பாஸ்போர்ட் கைக்கு வந்துடுச்சாம். விசாவும் ஆயிடுச்சு. தை மாசம் வர்றாரு தம்பி. ரயிலோட கூடவே நடந்து வந்த என் அண்ணன் இந்த மலைக்கு வர்றாரு. அப்போ நீங்களே பாப்பாவை மடியில வெச்சுக்கங்கண்ணே, தாத்தா முறைதானேன்னேன். அவரு ஒத்துக்கலை. "அது மருமவனோட இடம். நான் அதைப் பாக்கத்தான் வர்றேன். அன்னிக்கு நான் வெறும் காத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நெசமா ஒரு பிள்ளை மடியில கனமா உக்காந்திருந்தா தாய்மாமன் எப்பிடி இருப்பான்னு ஒருக்கா பாத்துட்டுப் போயிடுறேன். ஆச்சு"ன்னாரு.

நீ வீடியோவுல வர்றேன்னு சொன்னதை நான் அவருகிட்ட இன்னும் சொல்லலை. அண்ணிகிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டிருக்கேன். அந்த மிஷின் வர முடியாதவங்களுக்கு சாமி குடுத்த வரம், தம்பி. உனக்குக் காலையில ஏறினா மத்தியானம் மதுரை. உங்க அப்பா ஜீப்பைக் கழுவி வெச்சிருக்காரு, ஞாயம் பேசினதுக்குப் பரிகாரமா உன்னை அவரே வந்து ஏத்திக்கிட்டு வருவாராம். லீவு கேக்கக் கூச்சமா இருந்தா இந்தக் கடுதாசியை உன் ஆபீசர்கிட்ட படிச்சுக் காட்டு. தமிழ் தெரியாட்டி நீயே சொல்லு. பாப்பா ரெண்டு காதும் மூளியா கெடக்கு, மாமா பெட்டி கட்டியாச்சு. வெரசா வந்து உக்காரு ராசா. உன் ரெண்டு கைக்கும் இங்க சோலி இருக்கு.

ஆச்சு.

அம்மா